பதினான்காம் பத்தியில் வெந்நீர்

1

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை, தட்டச்சு செய்தேன். அரசுத் துறைகள் வாங்கிய பணத்தை எப்படிச் செலவழித்தன என்று பார்க்கும் சட்டமன்றக் குழு ஒன்றில் அறிக்கை எழுதும் உதவியாளன் நான். இருபது வருடமாகக் 'குழு திருப்தி தெரிவித்தது' என்று எழுதிப் பழகிய கை. புனைவுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

2

முதல் வரி: 'ஜவ்வாது மலையைப் பனி வெண்பட்டாய்ப் போர்த்தியிரு

(அடித்துவிட்டேன். பனியைப் பட்டு என்பவர்கள் அந்தக் குளிரில் பச்சைத் தண்ணீரில் குளித்ததில்லை.)

மறுபடி: 'உறுப்பினர்கள் மூன்று கார்களில்...' (ஏழு. மூன்று என்று எழுதச் சொன்னார்கள்.)

சரி, நேராகவே சொல்கிறேன். ஜமுனாமரத்தூருக்கு அப்பால் ஓர் உண்டு உறைவிடப் பள்ளி. மாணவியர் விடுதிக்கு வெயிலில் தண்ணீர் காய்ச்சும் கருவி ஒன்றை, ஆறு லட்சத்துக்கு, நான்கு வருடத்துக்கு முன்பே வாங்கியதாகக் கணக்கு. தணிக்கைக்காரர்கள் போனபோது ரசீது இருந்தது, கருவி இல்லை. அதைப் பார்க்கத்தான் ஜனவரியில் மலையேறினோம். மொட்டை மாடியில் கருவி பளபளத்தது. சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட உரிக்கவில்லை. நான்கு வருடமாக எவ்வளவு பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்கள்!

3

தலைமையாசிரியர் அசோக்குமார் விடுதிச் சமையல்காரி வடிவைக் கூப்பிட்டார். பன்னிரண்டு வருடமாக அவள் தற்காலிகம். அவளை நிரந்தரமாக்கும் கோப்பு அவர் மேசையில்தான் இருந்தது.

"வெந்நீர் நல்லா வருதுன்னு அம்மாகிட்ட சொல்லு, வடிவு."

இங்கே என் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம். கதையில் வருகிறவள் என்றால் முந்தானையைச் செருகிக்கொண்டு முழங்கியிருப்பாள். இவள் கையைப் புடவையில் துடைத்தாள். ஈரம் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"சொல்லும்மா, வருதா?" என்றார் குழுத் தலைவி.

"வர்லிங்க. இது முந்தாநேத்துதான் ஆலங்காயத்துலேர்ந்து டெம்போல வந்துச்சி. இன்னும் கொழாயே மாட்டல. பொண்ணுங்க பச்சத்தண்ணிலதான் குளிக்குதுங்க. போன மாசம் நதியாவுக்கு நெஞ்சுல சளி கட்டி மூச்சு வாங்கிச்சி. நாந்தான் தூக்கினு பஸ்ஸுக்கு ஓடுனேன்."*

"இவளுக்கு வெவரம் தெரியாதுங்கம்மா," என்றார் அசோக்குமார்.

"மாடியில தெனம் துணி காயப்போடறவ நானு. எனக்குத் தெரியாம வேற யாருக்கு சார் தெரியும்?"

யாரோ சாமைச் சோறு ஆறுகிறது என்று நினைவூட்ட, ஆய்வு சாப்பாட்டுக்கு நகர்ந்தது.

* நதியா பிழைத்துவிட்டாள். நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். அங்கே யாரும் கேட்கவில்லை.

4

சென்னையில் என் மேலதிகாரி சொன்னார்: "அந்தம்மா வாயால சொன்னது ஆதாரமாகாது. 'கருவி நேரில் பார்வையிடப்பட்டது'ன்னு போடுங்க. பொய்யில்லையே?"

பொய்யில்லை. அரசாங்க உரைநடையின் அழகே அதுதான். பதினான்காம் பத்தியாகத் தட்டச்சு செய்தேன்.

5

முடிவு (அ): குழு கொதித்தெழுகிறது, பணம் வசூலாகிறது. (எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது.)

முடிவு (ஆ): வடிவின் வேலை போகிறது. (இதற்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு நாள் ஒரு வரியும் எழுதவில்லை.)

மூன்றாம் நாள் அவளைக் கைபேசியில் அழைத்தேன்.

"நீங்க சொன்னத அறிக்கையில சேர்க்கலாம்னு இருக்கேன். பேர் வரும். வேலைக்கே ஆபத்து வரலாம்."

மறுமுனையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"போடலன்னா மட்டும் இன்னா சார், நெரந்தரம் பண்ணிடுவாங்களா?" என்றாள். பிறகு, "இங்க ரெண்டு வடிவு கீது. லட்சுமணன் பொண்டாட்டி வடிவுன்னு தெளிவா போடுங்க. அந்த இன்னொரு பொண்ணு பாவம், அதுக்குப் போயி நோட்டீஸ் குடுத்துடப் போறாங்க."

போட்டேன். மேலதிகாரிக்குக் காட்டாமல், அவள் பேச்சைத் திருத்தாமல், முழுவதும். பதினான்காம் பத்தி இப்போது ஒன்றரைப் பக்கம். நாளைக் காலை வரைவு தலைவியின் மேசைக்குப் போகிறது. அவர் கையெழுத்திடலாம், சிவப்பு மையால் அடிக்கலாம், என்னைக் கூப்பிட்டு

இத்தோடு நான் நிறுத்திக்கொள்கிறேன். பேரவையில் வைக்கப்படும் அறிக்கையை யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கிப் படிக்கலாம். என் இருபது வருடத்தில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. நீங்கள் கேளுங்கள். அவள் அதில் இருக்கிறாளா என்று பார்த்து எனக்கும் சொல்லுங்கள்.