வெண்கலத் தூள்

என் அண்ணனும் நானும் பேசி எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரே பட்டறை, ஒரே பூட்டு, ஆளுக்கொரு சாவி. வலது பக்கம் அவனுடைய லேத்தும் துளை போடும் மெஷினும். இடது பக்கம் நான் இன்ஜின் பிரித்து மாட்டும் மேசை. நடுச்சுவரில் ஒரு கரும்பலகை. ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதை அதில்தான் எழுதுவோம். வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, ஏதோ பெரிய கம்பெனி நடைமுறை என்று மெச்சிவிட்டுப் போவார்கள்.

சண்டைக்குக் காரணம் சின்னது. நான் முறுக்கி முடித்த போல்ட்டுகளை அவன் எனக்குத் தெரியாமல் மறுபடி முறுக்கிப் பார்ப்பது வழக்கம். ஒரு நாள் கையும் களவுமாகப் பிடித்தேன். பத்தொன்பது வருஷம் ஸ்பேனர் பிடித்தவன் நான், சுருக்கென்று தைத்தது. இனிமேல் என் வேலையை நீ தொடாதே, உன் வேலையை நானும் தொட்டுப் பார்க்க மாட்டேன் என்று கத்தினேன். சரி என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டு லேத்துக்குத் திரும்பிவிட்டான். அதற்குப் பிறகு பேச்சே இல்லை.

அந்த நிலையில்தான் அத்தானின் கார் வந்தது. எங்கள் அக்காவின் கணவருக்கு அந்தக் கார் அக்காவுக்கு அடுத்தபடி. சில நாள் அந்த வரிசையும் மாறும். அவர் வயதுதான் அதற்கும். ஓய்வு பெற்றதும் அக்காவை ஏற்றிக்கொண்டு, மலையைத் தாண்டி மகள் வீட்டுக்கு அதிலேயே போய் இறங்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. பஸ்ஸில் போகலாமே என்று அக்கா சொன்னதற்கு இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாராம்.

இன்ஜினைப் பிரித்தேன். பிஸ்டனைத் தாங்குகிற ‘பின்’ என்ற உருளைக் கம்பி, கனெக்டிங் ராடின் மேல்முனையில் உள்ள வெண்கல வளையத்துக்குள் ஆட வேண்டும். அந்த வளையம்தான் புஷ். நான்கு புஷ்ஷும் தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தன. பின்னைப் பிடித்து அசைத்தால் விழப்போகிற பல் மாதிரி ஆடியது. அந்தக் காருக்குக் கடையில் புஷ் கிடைக்காது. பலகையில் அளவை எழுதினேன். மூன்றாம் நாள் அவன் லேத்தில் கடைந்த நான்கு புஷ் என் மேசையில் இருந்தன. பேசாவிட்டாலும் வேலையில் அவன் குறை வைக்க மாட்டான்.

வைஸ் பிடியில் வைத்து நெருக்கி நான்கையும் ராடுகளுக்குள் இறக்கினேன். ராடின் உச்சியில் கடலை அளவுக்கு ஓர் ஓட்டை உண்டு. இன்ஜினுக்குள் தெறிக்கிற எண்ணெய் அதன் வழியாகத்தான் பின்னுக்கு இறங்கும். புது புஷ்ஷை இறக்கியதும் அந்த ஓட்டை மூடிக்கொள்ளும்; மேலிருந்து புஷ்ஷையும் துளைத்து வழி திறக்க வேண்டும். பேசிக்கொண்டிருந்த காலத்தில், அண்ணா, ஓட்டையையும் பார்த்துக்கோ என்று ஒரு குரல் கொடுத்தால் முடிந்தது. இப்போது ராடுகளை அவன் பக்கம் வைத்துவிட்டு, “இறக்கியாச்சு. மீதி உன் வேலை” என்று எழுதினேன்.

மறுநாள் ராடுகள் என் மேசைக்குத் திரும்பியிருந்தன. பலகையில் “முடிந்தது.” ரீமர் ஓட்டி, புஷ்ஷின் உள்பக்கத்தைக் கண்ணாடி மாதிரி வழித்திருந்தான். பின்னைப் பெருவிரலால் தள்ளினேன், இறுக்கமும் இல்லாமல் தொளதொளப்பும் இல்லாமல் உள்ளே போனது. ராடைத் திருப்பி உச்சியைப் பார்க்க ஒரு நொடி போதும். அவன் லேத்துக்குப் பின்னாலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். தொட்டுப் பார்க்க மாட்டேன் என்று கத்தியவன் நான்தானே. வீம்புக்குத் திருப்பாமலே மாட்டினேன்.

இன்ஜின் முதல் தடவையிலேயே பிடித்தது. அரை மணி நேரம் ஓடவிட்டோம். அத்தான் கண் கலங்கினார். மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு இருவரும் கிளம்பினார்கள். அக்கா ஜன்னல் வழியாகக் கையசைத்தாள், எங்கள் இருவருக்கும் தனித்தனியாக.

பதினொரு மணி வாக்கில் பட்டறையைக் கூட்டினேன். வெண்கலத் தூளை இரும்போடு கலக்காமல் தனி டப்பாவில் சேர்ப்பது எங்கள் பழக்கம். லேத்தின் தட்டு நிறைய மஞ்சள் சுருள்கள். அள்ளினேன். துளை போடும் மெஷினின் தட்டை இழுத்தேன். கறுத்த இரும்புத் தூள் மட்டும்தான். விரலால் கிளறினேன். மஞ்சளாக ஒரு பொட்டுகூட இல்லை. புஷ்ஷைத் துளைத்திருந்தால் வெண்கலம் அங்கேதான் விழுந்திருக்க வேண்டும்.

“அண்ணா” என்றேன். அவன் உடனே நிமிர்ந்தான். “ராடுல ஓட்டை போட்டியா?”

“நீதான் இறக்கியாச்சுன்னு எழுதியிருந்தே. கைட்ரில்லால நீயே போட்டிருப்பேன்னு நெனச்சேன்.” சொல்லும்போதே அவன் முகம் வெளுத்தது. “ரீமர் ஓட்டறப்ப உள்ள ஓட்டை இல்லையேன்னு தோணுச்சு. பலகைல எழுதினா மறுபடி உன் வேலைல மூக்கை நுழைக்கறேன்னு சொல்லுவியேன்னு விட்டுட்டேன்.”

கோபப்படக்கூட நேரமில்லை. நின்ற இடத்தில் ஓடியபோது தாங்கியிருக்கும். மலை ஏற்றத்தில் தாங்காது. எண்ணெய் இல்லாமல் அந்தப் பின் சூடேறி, புஷ்ஷோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் இன்ஜின் இறுகும். ஓடுகிற கார் கியரில் இருந்தால் பின்சக்கரமும் அதோடு நிற்கும்.

அத்தான் போனை எடுக்கவில்லை. அக்காவுக்கு அடித்தேன், எடுத்தாள். குரலில் அவ்வளவு சந்தோஷம். உச்சிக்கு வந்துவிட்டார்களாம், இப்போது இறங்குகிறார்களாம்.

“ஏறும்போது டக்டக்குனு ஒரு சத்தம் வந்துச்சுடா. அத்தான் பயந்தே போயிட்டார். இப்போ தானா நின்னுடுச்சு.”

பின் புஷ்ஷோடு ஒட்டத் தொடங்கி, ஆடுகிற இடம் போய்விட்டால்தான் அந்தச் சத்தம் நிற்கும். எனக்குத் தெரியும், ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அண்ணனுக்கும் தெரியும். ஓட்டையை மறந்துவிட்டோம், இந்த நிமிஷமே நிறுத்து என்று சொல்லியிருக்க வேண்டும். யார் மறந்தது என்று அக்கா கேட்பாளே என்று ஒரு கணம் நாக்கு இழுத்துக்கொண்டது.

“அக்கா, எங்கயாவது ஓரமா நிறுத்துங்க. புதுசா மாட்டின இன்ஜின், கொஞ்சம் ஆறட்டும்.”

இங்கே ஓரமே இல்லை, அடிவாரத்தில் போய் நிறுத்துகிறோம் என்றாள். சிக்னல் போய்விட்டது. மறுபடி அடித்தேன், ஏழு முறை, எட்டு முறை. அண்ணன் ஸ்கூட்டரைக் கிளப்பியிருந்தான். ஏறிக்கொண்டேன். ஒன்றேகால் மணி நேரம் ஓட்டினான்.

உச்சியைத் தாண்டி மூன்றாவது வளைவில் கூட்டம் நின்றது. கார் மலைப்பக்கப் பாறையில் மோதி, குறுக்கே திரும்பி நின்றது. பின்சக்கரம் இழுபட்ட கறுப்புக் கோடு சாலையில் வெகு தூரத்துக்கு இருந்தது. இன்ஜினின் பக்கவாட்டைப் பிளந்துகொண்டு ராட் வெளியே வந்திருந்தது. அத்தானை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் கண் திறக்கவில்லை. அக்காவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவள் எங்களைப் பார்த்துவிட்டு மெதுவாக என்னிடம் வந்தாள்.

“நீ போன் பண்ணப்பவே உனக்குத் தெரியுமாடா?”

ஆமாம் என்று தலையை அசைத்தேன்.

“எனக்கும் தெரியும்க்கா” என்றான் அண்ணன். “பக்கத்துலதான் நின்னேன். போனை வாங்கி நானாவது சொல்லியிருக்கலாம்.”

அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்டு, கதவை உள்ளேயிருந்து தானே சாத்தினாள்.