பஸ் கிடைக்கல

லீவு நாளே எனக்கு ஆகாது. தையல் கம்பெனி திறந்திருந்தா மெஷின் சத்தத்துல பொழுது ஓடிடும். லீவுன்னா நானும் நாலு சுவரும்தான். வீட்டுக்காரர் தவறிப்போயி ஒரு வருஷம் ஆச்சு. அன்னைக்கு வீட்டுல இருப்பே கொள்ளல. செருப்பை மாட்டிக்கிட்டு கால் போன போக்குல கிளம்பிட்டேன்.

நடக்கும்போதும் மனசுக்குள்ள அவரோட சண்டைதான். லிஃப்ட் ரிப்பேர் பண்ற வேலை அவருக்கு, அஞ்சு மணிக்கெல்லாம் முடிஞ்சிடும். பொண்ணைக் கட்டிக்கொடுத்த நாள்லேருந்து மனுஷன் எனக்கு முன்னாடி வீட்டுக்கு வந்ததே கிடையாது. எட்டு மணிக்கு நான் வந்து பூட்டைத் திறந்து, இருட்டுல தடவி லைட்டைப் போடணும். அதுக்கப்புறம் தான் ஐயா ஆடி அசைஞ்சு வருவார். கேட்டா, "பஸ் கிடைக்கல"ம்பார். ஊர்ல எல்லாருக்கும் கிடைக்கிற பஸ் இவருக்கு மட்டும் கிடைக்காதாக்கும்! என் மூஞ்சியைப் பாக்கப் பிடிக்கலையோன்னு உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. ஒருநாள் உட்கார வச்சு கேட்டுடணும்னு இருந்தேன். கேக்கறதுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டார்.

இந்த நினைப்புலயே எங்கயோ திரும்பி ஒரு மேம்பாலத்துக்கு அடியில வந்து நின்னேன். சுவர் முழுக்க படம். ஆள் உயரத்துக்கு மேல ரெண்டு மடங்கு இருக்கும், பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஜனம். கிட்டத்துல நின்னதால எனக்கு நேரா தெரிஞ்சது ஒரு நீலச் சட்டைதான். பாத்ததும் பத்திக்கிட்டு வந்துச்சு. ஆம்பளை சட்டைக்கு பட்டன் போட்டா இடது பக்கம் மேல வரணும். இதுல வலது பக்கம் மேல ஏறியிருக்கு, பொம்பளை சட்டை மாதிரி. இவ்வளவு பெரிய சுவரைக் குடுத்தா ஒரு பட்டனை ஒழுங்கா வைக்கத் தெரியலையேன்னு வாய்விட்டே திட்டிட்டேன்.

அப்புறம் தான் உறைச்சுது. அந்தத் தப்பு நான் பண்ணது.

கம்பெனியில மாசக்கணக்கா நர்ஸுங்களுக்கு யூனிஃபார்ம் தச்ச கை, அதே பழக்கத்துல அவரோட நீலச் சட்டையையும் மாத்தித் தச்சிடுச்சு. "இது எனக்கா, மாடிவீட்டு அக்காவுக்கா?"ன்னு சிரிச்சார். பிரிச்சுத் தரேன்னேன், குடுக்கல. கிழியற வரைக்கும் அதையே போட்டார்.

பின்னாடியே நாலு எட்டு வச்சு நிமிர்ந்து பாத்தேன். அவரேதான்! பெஞ்சுல உட்கார்ந்து, தாடையில கை வச்சுக்கிட்டு. பக்கத்துல பஸ் கதவைத் திறந்து வச்சுக்கிட்டு நிக்குது. இவர் அதைத் திரும்பிக்கூடப் பாக்கல.

எதிர்ல ஒரு பேப்பர் கடை. கடைக்காரம்மாகிட்ட, "இந்த நீலச் சட்டைக்காரர்..."ன்னு ஆரம்பிச்சேன். சுவரைக் கை காட்டினேன்.

"லிஃப்ட்டுக்காரரா? தினம் இங்கதாங்க இருப்பார். படம் போட்ட பொண்ணு அவரைப் பாத்துதான் வரைஞ்சுச்சு. பஸ் மேல பஸ் போகும், ஏற மாட்டார். ஏன் சார்னு நானே கேட்டிருக்கேன். 'வீட்டுக்காரி இன்னும் வந்திருக்க மாட்டாம்மா. அவ இல்லாத வீட்டுக்குள்ள போயி என்ன பண்றது, பயமா இருக்கு'ம்பார். இப்போ ஆளையே காணோம். நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"அந்த வீட்டுக்காரி"ன்னேன்.

அடப்பாவி மனுஷா! அப்போ நான் மட்டும் தனியா இருட்டுல நுழையலாமா? இதை அப்பவே வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன கேடு? வேலை முடிஞ்சதும் ஓடி வந்திருப்பேனே. நடுரோடுன்னு கூடப் பாக்காம அழுதேன். சிரிப்பும் வந்து தொலைச்சுது.

அந்த அம்மா குடுத்த தண்ணியைக் குடிச்சிட்டு, படத்துக்கு நேரா இருந்த பெஞ்சுல உட்கார்ந்தேன். எங்க வீட்டுப் பக்கம் போற பஸ் வந்து நின்னுச்சு. டிரைவர் ஏறுறியான்னு பாத்தார். நான் சுவரைப் பாத்தேன். கதவு மூடிக்கிட்டு பஸ் போயிடுச்சு.

பொண்ணு போன் பண்ணா. "பொழுது சாயுதேம்மா, வீட்டுக்குப் போயிட்டியா?"

"இல்லடி"ன்னேன். "பஸ் கிடைக்கல."