இடப்பக்க ஸ்பீக்கர்

நஞ்சுண்டசாமி போன பிறகு சுந்தராம்பாளுக்கு அழுகையும் வரவில்லை, பசியும் வரவில்லை. கொள்ளேகாலிலிருந்து வந்த சொந்தக்காரப் பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தபோதுகூட, அடுப்பில் பால் பொங்கிவிடுமோ என்று பார்த்துக்கொண்டிருந்தாள். "கல்லாட்டம் உக்காந்திருக்கறா பாரு" என்றாள் ஒருத்தி. சொல்லிவிட்டுப் போகட்டும். உள்ளே என்ன கிடக்கிறது என்று அவளுக்கு என்ன தெரியும்?

கிடந்தது ஒரே ஒரு பேச்சு. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டுப் படுத்த புருஷனிடம் அண்ணன் மகன் கல்யாணத்துக்கு என்ன செய்வது என்று கேட்டாள். பதில் இல்லை. மறுபடி கேட்டாள். அப்போதும் இல்லை. ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "நீங்க இருக்கறதும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான்!" என்று கத்திவிட்டு அடுக்களைக்குப் போனாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காபிக்கு எழுப்பப் போனபோது உடம்பு சில்லிட்டிருந்தது. அதைக் கேட்டுக்கொண்டேதான் மனுஷன் போயிருக்கிறார். இதை யாரிடம் சொல்வாள்? சொன்னால்தான் தீருமா?

அதனால் முதல் வேலையாக அவர் பாட்டுக் கேட்கும் அந்தச் செட்டை வீட்டைவிட்டுத் துரத்த நினைத்தாள். ஆம்ப்ளிஃபயர், ரெக்கார்டு பிளேயர், தேக்கு மரப் பெட்டியில் இரண்டு ஸ்பீக்கர். பேக்டரியிலிருந்து வந்ததும் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார். பக்கத்தில் நின்று இவள் என்ன சொன்னாலும் காதில் ஏறாது. "செட்டு பேசுனா கேக்கும், பொண்டாட்டி பேசுனா கேக்காது!" என்று தெருவே சிரிக்கும்படி எத்தனை முறை சொல்லியிருக்கிறாள்!

மண்டி மொஹல்லாவிலிருந்து கெம்பையன் ஸ்கூட்டரில் வந்தார். பழைய செட்டுகளுக்கு உயிர் கொடுத்து, பெங்களூரு ஆட்களுக்கு விற்பவர். ஊரெல்லாம் சி.டி. சி.டி. என்று அலைந்த அந்த வருஷங்களிலும் அவருக்குக் கிராக்கி இருந்தது.

"எப்படியோ ஒரு விலை போட்டு எடுத்துட்டுப் போங்கண்ணா."

"பேடா அக்கா, அப்படி வேண்டாம். பாட வெச்சுப் பாக்காம நான் விலை சொல்றதில்ல."

மூடியைக் கழற்றினார். தூசியை ஊதினார், விட்டுப்போன ஒயரைப் பற்றவைத்தார், பியூஸ் மாற்றினார். செட்டுக்கு உயிர் வந்தது. நாதஸ்வரம் கூடத்தை நிறைத்தது. சுந்தராம்பாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் கழுவுவதைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கெம்பையன் மட்டும் முகம் சுளித்தார். ஸ்பீக்கர்களின் முன்துணியைக் கழற்றி மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன அக்கா இது? வலப்பக்கத்தது புதுசாட்டம் இருக்குது. இடப்பக்கத்துல காகிதமே கிழிஞ்சு தொங்குது பாருங்க. ரெண்டு பக்கத்துக்கும் சத்தத்தைப் பங்கு போடற இந்த பேலன்ஸ் நாப் மொத்தமா இடப்பக்கம் திரும்பி, துருவேறி நிக்குது. பல வருஷமா முழுச் சத்தத்தையும் இது ஒண்ணேதான் தாங்கியிருக்குது."

"விலை குறையுமாக்கும்?"

"குறையும். ஜோடி போச்சே." நாப்பையே கொஞ்ச நேரம் பார்த்தார். "ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்காதீங்க. அண்ணனுக்கு எடது காது கேக்காதுங்களா?"

"அதெல்லாம் நல்லாத்தான் கேக்கும். கேக்காத மாதிரி இருப்பாரு. திமிரு."

"இல்லக்கா. பேக்டரிக்காரங்க செட்டு நெறைய பாத்துட்டேன். அடிக்கற மெஷின் எந்தப் பக்கமோ அந்தக் காது மெதுவாப் போயிரும். வெளிய சொன்னா வேலையை விட்டுத் தூக்கிருவாங்கன்னு வாயே தெறக்க மாட்டாங்க. கேக்காத பக்கத்துச் சத்தத்தை ஏத்தி ஏத்தி, ரெண்டும் சமமாக் கேக்காதான்னு பாப்பாங்க, பாவம்."

சுந்தராம்பாள் ஓர் எட்டு கிட்டே வந்தாள்.

"அண்ணா, வலப்பக்கமா ஒருக்களிச்சுப் படுத்திருந்தா?"

"நல்ல காது தலகாணில அமுங்கிருச்சுன்னா அப்புறம் என்னத்தக் கேக்கறது? பக்கத்துல நின்னு கத்துனாலும் தெரியாது."

அப்படியானால் கேட்கவில்லை! அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் சுவரைப் பார்த்து, வலது கையைத் தலைக்குக் கொடுத்துத்தானே படுத்திருந்தார். அவள் சொன்னது அவர்கூடப் போகவில்லை. முருகா, அது போகவில்லை! எத்தனையோ நாளைக்குப் பிறகு நெஞ்சு நிறைய மூச்சு வந்தது.

கெம்பையன் குனிந்து ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

ஆனால் நஞ்சுண்டசாமி என்றைக்குமே அப்படித்தான் படுப்பார். பகலில் சொல்ல வெட்கப்பட்டதையெல்லாம் படுத்த பிறகு அவள் அந்த முதுகிடம்தான் சொல்லியிருக்கிறாள். வயிற்றில் இருந்தது கலைந்துபோன வருஷம், "உங்களை விட்டா எனக்கு ஆருங்க இருக்கறா?" என்று கேட்டுவிட்டு, ஒரு 'ம்' வராதா என்று விடியும்வரை காத்திருந்தாள். வரவில்லை. அன்றிலிருந்துதான் அவளுக்கு நாக்கில் விஷம் ஏறியது.

அதுவும் அவருக்குக் கேட்கவில்லை.

"என்னக்கா, விலை பேசலாமா?" என்று கெம்பையன் நிமிர்ந்தார்.

சுந்தராம்பாள் தரையில் உட்கார்ந்து, தெருவுக்கே கேட்கும்படி அழுதுகொண்டிருந்தாள்.