ஓரத்துத் துளசி

"சர்ச்சுல குடிலுக்குப் பின்னால வருசா வருசம் ஒட்டுதோமே, அந்த வெள்ளித் தாளுதான் இதுக்கும். அம்புட்டு வெளிச்சத்தையும் திருப்பி அடிக்கும்."

"ஒரு பக்கம் மட்டும் ஒட்டிப் பாத்துட்டு..."

"ஏட்டி, சர்ச்சுக்கு லைட்டு போடுதது நானா, நீயா?"

மூன்று வாரத்துக்கு முன் கணவன் கிளாட்வின் சிரித்துக்கொண்டே கேட்டது. வின்சியும் சிரித்துவைத்தாள். இப்போது அதே தாளை அவள் கிழித்து இறக்கிக்கொண்டிருந்தாள். அவன் மில்லிலிருந்து திரும்ப இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

ராஜபாளையத்து வீட்டின் பின்னறையில், விளக்கு வெளிச்சத்தில் வளரும் இருநூற்று நாற்பது துளசிக் கன்றுகள். ஸ்ரீவில்லிபுத்தூரில் நடக்கும் ஒரு கல்யாணத்துக்கு வருகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புவதற்கு. பன்னிரண்டு நாளே பாக்கி. கசங்கிய வெள்ளித் தாள் வெளிச்சத்தைத் திட்டுத் திட்டாகத் தெறிக்கவிட்டிருந்தது. நடுவில் நின்றவற்றின் இலை கருகியிருந்தது. ஓரத்துக் கன்றுகள் ஒல்லியாக நீண்டு சாய்ந்திருந்தன.

கல்யாணப் பெண்ணின் அம்மா செல்வலட்சுமி இன்று பார்க்க வருகிறாள். அவள் வேண்டாமென்றால் அறை கிளாட்வினின் தம்பி எலியேசருக்குப் போய்விடும். பாண்டேஜ் துணிக் கட்டுகளை அடுக்க அவன் இரண்டு மாதமாகக் கேட்கிறான். "ஆர்டர் சரிவரலேன்னா எடுத்துக்கோலே" என்று கிளாட்வினும் வாக்குக் கொடுத்துவிட்டான். இந்த அறையைப் பற்றிக் கணவனிடம் கேட்க வின்சிக்கும் ஒன்று இருந்தது. முதல் விதை முளைத்த நாளிலிருந்து அது வாய்வரை வந்து திரும்பிக்கொண்டிருந்தது.

பரணிலிருந்து எலியேசரின் படம் போட்ட கல்யாண ஃப்ளெக்ஸை இறக்கினாள். அதன் பின்பக்கம் பளபளப்பில்லாத வெள்ளை. வெட்டி, வெள்ளை உள்ளே பார்க்க, நாலு பக்கமும் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டினாள். கயிற்றை இழுத்து விளக்குகளை ஒரு சாண் உயர்த்தினாள். போனில் வெளிச்சம் அளக்கும் ஆப்பைத் திறக்கும்போது வாசலில் கிளாட்வினின் பைக் சத்தம் கேட்டது.

"யாரைக் கேட்டுப் பிரிச்ச?"

அவள் போனை நீட்டினாள். "காலைல நடுவுல பதினெட்டாயிரம், மூலைல நாலாயிரம். இப்ப நீங்களே வச்சுப் பாருங்க."

நடுவில் வைத்தான். பதினோராயிரம். மூலையில் எட்டாயிரம். மறுபடி நடுவில் வைத்தான்.

"இது எலியேசர்லா?"

"கொழுந்தனார் சொவரப் பாத்து நிக்காவ."

அவன் சிரிக்கவில்லை. அதற்குள் செல்வலட்சுமியின் கார் வந்துவிட்டது.

"சர்ச்சுக்குப் போற வேதக்கார வீட்டுத் துளசின்னு சொந்தக்காரவுககிட்ட பெருமையடிச்சு வச்சிருக்கேன்," என்றபடியே அவள் ஓரத்துக் கன்று ஒன்றைத் தூக்கினாள். "இது என்ன தாயி, மயக்கம் போட்டு நிக்கு? நாலு பேர் கையில குடுக்க முடியுமா இத?"

"இன்னைக்குத்தான் தடுப்ப மாத்தினேன்க்கா. நாலு நாள்ல நிமிந்துரும். கருகின எலையக் கிள்ளிவிட்டா புதுசா துளுக்கும்."

செல்வலட்சுமி கிளாட்வினைப் பார்த்தாள். "என்ன தம்பி, நம்பலாமா?"

"நம்புங்கக்கா. இனிமே நானே நின்னு பாத்துக்கிடுதேன்."

"அப்ப சரி. வெள்ளிக்கிழமை வாரேன். நிமிரலேன்னா வேற எடத்துல சொல்லிருவேன்."

கன்றைக் கீழே வைத்துவிட்டு அவள் வாசல் பக்கம் திரும்பினாள். விளக்குகளை மறுபடி இறக்க கிளாட்வினின் கை கயிற்றுக்குப் போனது. வின்சி அந்தக் கையைப் பிடித்தாள். செல்வலட்சுமி நின்று திரும்பிப் பார்ப்பது தெரிந்தும், இத்தனை நாள் வாய்வரை வந்து திரும்பியதைக் கேட்டுவிட்டாள்.

"ஏங்க, இந்த அறைய எனக்கு விட்டுருங்க. எலியேசருக்கும் வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம். கெட்டாலும் வெளைஞ்சாலும், இதுக்குள்ள என்ன செய்யணும்ங்கத நான் சொல்லுதேன்."