கடகட தளத்தின் பொது மேலாளர்

நாற்பது வயதைத் தாண்டிய பிறகும் வீட்டில் அவள் பெயர் குட்டிதான். அக்கா வைத்தது, மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. காப்பீட்டு நிறுவனம் ஒன்றில், இழப்பீட்டுப் பிரிவில் வேலை. எரிந்த கடை, நொறுங்கிய கார், இறந்துபோன கணவன் என்று நாள் முழுக்க அடுத்தவர் கஷ்டத்தைப் படித்துச் சரிபார்த்து மேலே அனுப்பவேண்டும். ஒருநாள் காலையில் அவளால் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. காய்ச்சல் இல்லை, தலைவலி இல்லை, அழுகைகூட வரவில்லை. கண்ணைத் திறந்தபடி கிடந்தாள், அவ்வளவுதான். டாக்டர் மனச்சோர்வு என்று எழுதிக் கொடுத்தார். அலுவலகமும் சம்பளத்தோடு விடுப்புக் கொடுத்தது.

அக்கா அவளைக் கையோடு தன் வீட்டுக்குக் கூட்டிவந்து பின்னறையில் வைத்துக்கொண்டாள். தட்டில் போட்டுக் கொடுத்தால் குட்டி சாப்பிட்டாள். கொடுக்க மறந்தால், தான் சாப்பிடவில்லை என்பதே அவளுக்குத் தெரியவில்லை. அத்தான் ஊரில் உள்ள நகைச்சுவைப் படங்களையெல்லாம் தேடிப் போட்டார். கடைசியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர் அவர் ஒருவர்தான். நெருங்கிய தோழியின் அப்பா இறந்த செய்தி வந்தபோது, “அப்படியா” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தாள். அன்றைக்குத்தான் அக்கா உண்மையிலேயே பயந்துபோனாள்.

ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. கடகட தளம்.

அதைப் பற்றிச் சொன்னால் சிலர் நம்பமாட்டார்கள். மின்விசிறி, மிக்ஸி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் என்று வீட்டில் எது வேண்டாத சத்தம் போட்டாலும், அதைப் போனில் பதிவு செய்து இந்த இணையதளத்துக்கு அனுப்பலாம். அங்கே இருக்கும் ஏழெட்டுப் பேர் இயர்போனைக் காதில் மாட்டிக் கேட்டுவிட்டு, இன்ன கோளாறாக இருக்கலாம் என்று பதில் எழுதுவார்கள். காசு வாங்குவதில்லை. விளம்பரம் போடுவதில்லை. யாரும் யாரையும் வேலைக்கு வைக்கவில்லை. சத்தம் கேட்பதில் அவர்களுக்கு ஒரு கிறுக்கு. தளத்துக்கு ஆகும் செலவைப் பல் டாக்டர் ஒருவர் தன் கையிலிருந்து போட்டுவந்தார். பகலெல்லாம் பல்லைக் குடையும் சத்தத்தைக் கேட்டும் அவருக்கு ஆசை அடங்கவில்லை போலும்.

சும்மா பதில் எழுதிக்கொண்டிருந்தால் அலுத்துவிடுமே. அதனால் அவர்கள் ஆபீஸ் விளையாட்டு ஒன்று ஆடினார்கள். பல் டாக்டர் மிக்ஸித் துறை இயக்குநர். பஸ் ஓட்டுநர் ஒருவர் மின்விசிறித் துறையின் மண்டல அதிகாரி. சத்தத்தைத் தப்பாகக் கணித்தவருக்கு விளக்கம் கேட்டு மெமோ போகும். இரண்டு நாள் ஆளைக் காணோமென்றால் விடுப்பு விண்ணப்பம் எழுதவேண்டும். அதை மற்றவர்கள் கூடி, தகுந்த காரணம் இல்லை என்று நிராகரிப்பார்கள். சத்தம் அனுப்புகிறவர்களுக்கு அங்கே வாடிக்கையாளர் என்று பெயர். இத்தனைக்கும் மேலே குட்டி. அவள் பொது மேலாளர். ஒருமனதாகத் தேர்ந்தெடுத்த பதவி, சம்பளம் பூஜ்யம்.

நோய் வந்த பிறகும் தினமும் காலையில் அவள் போனை எடுத்தாள். ஒரு சத்தம் கேட்பாள், ஒரு பதில் எழுதுவாள். அதில் சந்தோஷம் இருந்ததா என்றால் தெரியாது. ஆனால் கேட்பதற்கு உட்கார வேண்டும். உட்கார்ந்த பிறகு பல் தேய்க்க முடிந்தது. சில நாள் குளிக்கவும் முடிந்தது.

வினை, அவளோடு வேலை பார்த்த ஒரு பெண்ணின் உருவத்தில் வந்தது. அந்தப் பெண் தன் வாஷிங் மெஷின் சத்தத்தை அனுப்பினாள். ‘பொது மேலாளர், கடகட’ என்ற கையெழுத்தோடு நல்ல பதில் வந்தது. பக்கத்திலிருந்த சின்னப் படத்தைப் பார்த்தால் நம் குட்டி. அந்தப் பெண்ணுக்குப் பெருமை தாங்கவில்லை. கெட்ட எண்ணம் துளியும் இல்லாமல், பார்த்தவர்களிடமெல்லாம் காட்டிவிட்டாள். பணியாளர் பிரிவிலும் காட்டினாள். விடுப்பில் இருப்பவர் வேறு தொழில் நடத்தக்கூடாது. நடத்தினால் வேலை போகும் என்பது அங்கே விதி. விசாரணைக்கு வரச்சொல்லித் தகவல் வந்தது.

அக்கா ஆடிப்போய்விட்டாள். குட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. வேலை போனால் என்ன செய்வது என்று யோசித்துப் பார்த்தாள். மூன்றாவது வீட்டுக்காரரின் வேலையைப் பற்றி யோசிப்பதுபோல் இருந்தது. நடந்ததைத் தளத்தில் இரண்டு வரி எழுதிப் போட்டாள். அங்கே உடனே அவசர நிர்வாகக் கூட்டம் கூடி, மிக்ஸித் துறை இயக்குநரைச் சாட்சியாக அனுப்புவது என்று தீர்மானம் போட்டார்கள்.

விசாரணை நாளன்று அக்கா பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பாடம் நடத்தினாள். “அவர் எதைக் கேட்டாலும் இல்லைன்னு மட்டும் சொல்லு. விளக்கம் கொடுக்கிறேன்னு ஆரம்பிச்சு வாயைக் கொடுத்து மாட்டிக்காத.”

“சரிக்கா.”

விசாரணை அதிகாரி ஓய்வு பெறும் வயதில் இருந்தார். யார் வேலையையும் பறிக்க அவருக்கு ஆசை இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அக்காவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, பல் டாக்டரை முதலில் கேட்டார். உதவுகிறேன் பேர்வழி என்று வந்த மனிதர் சட்டையை உள்ளே விட்டு, கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்டு வந்திருந்தார். அட்டை அவரே அச்சடித்தது.

“நீங்க அங்க என்ன பண்றீங்க?”

“மிக்ஸித் துறை இயக்குநர் சார்.”

“இவங்க?”

“பொது மேலாளர். மேடத்தைக் கேக்காம நாங்க ஒரு துரும்பையும் அசைக்கமாட்டோம். ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர் இருக்காங்க சார், ஒருத்தர்கூட குறை சொன்னதில்ல. உடம்பு சரியில்லாதப்பகூட மேடம் ஒருநாள் லீவு போட்டதில்ல, பாத்துக்கோங்க.”

அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார். டாக்டரின் கண் மேலே போயிருந்தது. “தப்பா நினைக்காதீங்க, உங்க ஃபேன்ல பேரிங் தேய்ஞ்சிருக்கு. சத்தத்தை எங்களுக்கு அனுப்பினீங்கன்னா மண்டல அதிகாரியை விட்டுப் பாக்கச் சொல்றேன்.”

“நீங்க வெளிய இருங்க சார்,” என்றார் அதிகாரி.

நன்றாகச் சொல்லிவிட்டோம் என்ற திருப்தியோடு டாக்டர் குட்டியைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். பழைய குட்டியாக இருந்தால் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் திணித்திருப்பாள். இப்போது மேஜையின் ஓரத்தில் பெயர்ந்திருந்த பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஏம்மா, இது விளையாட்டுதானே?”

“ஆமா சார்.”

“காசு வாங்குறீங்களா?”

“இல்ல.”

“வேற ஏதாவது? பொருள், பரிசு, கமிஷன்?”

“இல்ல சார்.”

அக்கா சொல்லிக்கொடுத்தபடி எல்லாம் சுலபமாகப் போனது. இல்லை என்று சொல்ல அவள் மெனக்கெடவே வேண்டியிருக்கவில்லை. அவளிடம் இருந்ததே அதுதான்.

“அவர் வந்து குட்டையைக் குழப்பிட்டுப் போயிட்டார். ஆனாலும் பரவாயில்ல. லாபம் இல்லாம ஒரு தொழில் கிடையாது. இதனால உங்களுக்கு எந்தப் பிரயோஜனமும் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. எழுதி முடிச்சுடறேன். நீங்க வீட்டுக்குப் போய் உடம்பைப் பாத்துக்கலாம்.”

குட்டி வாயைத் திறந்தாள். ‘இல்லை’ என்ற சொல் வரவில்லை. வீம்பும் இல்லை, நேர்மையைக் காட்டும் ஆசையும் இல்லை. மேலே விசிறியில் தேய்ந்த பேரிங்கின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அதை இல்லை என்று அவளால் எப்படிச் சொல்ல முடியாதோ, அப்படித்தான் இதையும் சொல்ல முடியவில்லை.

“இருக்கு சார்.”

“என்னது இருக்கு?”

“பிரயோஜனம்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “பணம் வாங்கலைன்னீங்களே.”

“வாங்கல. காலைல எழுந்திரிக்கிறேன். வேற எதுக்கும் எழுந்திரிக்க முடியல. யாரோ ஒருத்தங்க வீட்டு ஃபிரிட்ஜ் சத்தம் போடுதுன்னு சொன்னா, அதுக்கு எழுந்திரிக்க முடியுது. அதுவும் இல்லைன்னா அப்படியே படுத்திருப்பேன் சார். அது சும்மான்னு என்னால சொல்ல முடியல.”

அவர் பேனாவை எடுக்கவில்லை. “இதை நான் கேக்காத மாதிரி இருந்துடவா?”

“எழுதிக்கோங்க.”

“எழுதினா என்ன ஆகும் தெரியுமா? தொழில்னு நான் எழுதமாட்டேன். வேலை போகாது. ஆனா அதுக்கு எழுந்திரிக்க முடியுதுன்னா இதுக்கும் எழுந்திரிக்கலாம்னு மேல இருக்கறவங்க சொல்லுவாங்க. லீவு ரத்தாகும். திங்கக்கிழமை உங்க நாற்காலில வந்து உட்காரணும். வரலைன்னா அதோட முடிஞ்சுது.”

“சரி சார்.”

அவர் எழுதினார். நிதானமாக, அவள் சொன்ன சொற்களையே எழுதினார். வாசித்துக் காட்டிவிட்டுப் போகச் சொன்னார்.

வெளியே வராந்தாவின் கோடியில் இழப்பீட்டுப் பிரிவு. கண்ணாடிக் கதவு வழியாக அவள் மேஜை தெரிந்தது. யாரோ அதன்மேல் கோப்புகளை அடுக்கி வைத்திருந்தார்கள். குவியலின் மேலே, பாதி எரிந்த ஒரு வீட்டின் புகைப்படம் துருத்திக்கொண்டு நின்றது. குட்டி அதைப் பார்த்தாள். நெஞ்சுக்குள் ஏதோ தடதடத்தது. உள்ளங்கை ஈரமாகிவிட்டது. என்னவென்று முதலில் அவளுக்குப் புரியவில்லை, எதையும் உணர்ந்து அவ்வளவு நாளாகிவிட்டது.

படிக்கட்டருகில் அக்கா ஓடிவந்தாள். பல் டாக்டர் தான் உள்ளே சொன்னதையெல்லாம் அவளிடம் ஏற்கெனவே கொட்டியிருக்க வேண்டும்; அவள் முகம் சிவந்திருந்தது. “என்னடி சொன்ன உள்ள? அந்த ஆள் உளறினது போதாதுன்னு நீயும் எதையாவது சொல்லித் தொலைச்சியா?”

“திங்கக்கிழமை வேலைக்கு வரணுமாம்.”

“ஐயோ, உன்னால எப்படி முடியும்? எழுதிக் கொடுத்துட்டு வந்துடு. வேலையே வேண்டாம்னு சொல்லிடு. நான் இருக்கேன்.”

குட்டி கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டாள். “அக்கா,” என்றாள். குரல் நடுங்கியது. “எனக்குப் பயமா இருக்குக்கா.”

அக்கா தங்கையின் கையைப் பிடித்துப் பார்த்தாள். உள்ளங்கை ஈரமாக இருந்தது. கண்ணில் நீர்கூடக் கட்டியிருந்தது.

“பயமா இருக்கா?” என்று கேட்டாள். “குட்டி, நெஜமாவே பயமா இருக்கா?”

“ரொம்ப.”

ஆபீஸ் ஆட்கள் ஏறி இறங்குகிற படி என்றுகூடப் பார்க்காமல் அக்கா அங்கேயே உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு சந்தோஷத்தில் அழ ஆரம்பித்தாள்.