வரத்துக்காலில் ஒரு சுவர்

சித்ரா ஊராட்சித் தலைவரான வருடம் அவர்கள் ஊர்க் கண்மாய் நிறையவில்லை. மழை பெய்யாமல் இல்லை. பருவம் முழுக்கப் பெய்ய வேண்டியது இரண்டே நாளில் கொட்டித் தீர்த்தது. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுபோகும் வரத்துக்கால் அடைபட்டுக் கிடந்ததால், வந்த வெள்ளம் சாக்கோட்டை ரோட்டில் ஓடி வீணானது.

"இனிமேல் மழை இப்படித்தான் வரும். முன்னே மாதிரி நிதானமாப் பெய்யும்னு காத்திருந்தா ஏமாந்து போவோம்" என்று ஊர்க் கூட்டத்தில் படம் போட்டு விளக்கியவள் சௌபர்ணிகா. சென்னையில் படித்துவிட்டு வந்து, தகப்பனார் விட்டுப்போன பெரிய வீட்டை விடுதியாக நடத்துகிறவள். வயதில் இளையவள்தான், ஆனாலும் அந்தப் பெரிய வீட்டுப் பெண்களை ஊர் அழைக்கும் வழக்கப்படி சித்ரா அவளை ஆச்சி என்றே கூப்பிடுவாள். அன்றைக்கு அவள் பேசியதைக் கேட்டபின் சித்ராவுக்கு அவள்மேல் பெரும் நம்பிக்கை பிறந்தது.

வரத்துக்காலை மறித்தவை இரண்டு. மேலே, சித்ராவின் சித்தப்பா முத்துராமலிங்கம் வைத்த தென்னைகள். கீழே, விடுதித் தோட்டத்தின் பின்சுவர்.

"மழைக்கு முன்னாடி சுவரை எடுத்துடுறேன் சித்ரா. முதல்ல மரத்தை எடுக்கச் சொல்லு" என்றாள் சௌபர்ணிகா.

சித்தப்பா லேசில் மசியவில்லை. "காய்க்கிற மரத்த வெட்டச் சொல்ற. நீ நம்ம வீட்டுப் பிள்ளதானா?"

"அந்த ஆச்சி சுவத்தையே இடிக்கிறாக சித்தப்பா. நாம முரண்டு பிடிச்சா நல்லாவா இருக்கு?"

ஒருவழியாகச் சம்மதித்தவர், மரம் அறுத்த அன்று குன்றக்குடி கோயிலுக்குப் போய்விட்டார். திரும்பி வந்து மரமில்லாத வரத்துக்காலைப் பார்த்தவர், சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

சுவர் மட்டும் அப்படியே நின்றது. விருந்தினர் வருகிற சமயம் என்றாள் சௌபர்ணிகா. அடுத்த முறை கேட்டபோது, பொங்கல் கழியட்டும் என்றாள். மூன்றாம் முறை சித்ரா போனபோது, வெள்ளைக்காரர்கள் சிலரிடம் இந்த ஊர் எப்படி ஒன்றுசேர்ந்து நீர்வழியை மீட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சித்ராவைப் பார்த்ததும் பேச்சு ஒரு நொடி தடுமாறியது.

ஐப்பசியில் ஒரு காலை மழை பிடித்தது. தென்னைகள் இல்லாத வாய்க்காலில் தண்ணீர் முன்னைவிட வேகமாக வந்து சுவரில் முட்டி, கீழத்தெருவுக்குள் திரும்பியது. அம்மாக்கண்ணு வீட்டு மண்சுவர் கரைந்து விழுந்தது. கட்டியிருந்த ஆடுகள் மிதந்தன.

சித்ரா போன் போட்டாள். "ஆச்சி, தெருவுக்குள்ள தண்ணி ஏறுது. சுவத்த இடிக்க விடுங்க."

"வீடு நிறைய விருந்தாளிங்க. மழை விடட்டும் சித்ரா, உட்கார்ந்து பேசுவோம்."

சித்ரா போனை வைத்தாள். ஜேசிபிக்காரனை அழைத்து, இடுப்பளவு தண்ணீரில் நின்று, தானே சுவரைக் காட்டினாள். சுவர் விழுந்ததும் வெள்ளம் தோட்டத்தைப் புரட்டிக்கொண்டு கண்மாய்க்கு ஓடியது. ஆனால் அதற்குள் பாதித் தெரு போய்விட்டது.

மறுநாள் அவளைக் காவல் நிலையத்துக்குக் கூப்பிட்டார்கள். அத்துமீறி நுழைந்து சொத்தைச் சேதப்படுத்தியதாகச் சௌபர்ணிகா புகார் கொடுத்திருந்தாள்.

"இவ்வளவு சீக்கிரம் இப்படி ஒரு மழை வரும்னு நான் நினைக்கலை" என்றாள் அங்கே உட்கார்ந்திருந்த சௌபர்ணிகா, சித்ராவின் முகத்தைப் பார்க்காமல்.

"எங்களுக்குத் தெரியாதுதான் ஆச்சி. நீங்கதான படம் போட்டுச் சொன்னீக? ஒங்க பேச்ச நம்பித்தான எங்க சித்தப்பா மரத்த வெட்டுனாரு? நீங்க சொன்னத நாங்க நம்புனோம். நீங்க நம்பலையே."

இரண்டு நாளில் சௌபர்ணிகா புகாரைத் திரும்பப் பெற்றாள். சுவரை மறுபடி கட்டவுமில்லை.

தை மாதம், வடக்கு வாய்க்காலையும் திறக்க வேண்டும் என்று சித்ரா கூட்டம் கூட்டினாள். அந்த வாய்க்காலை ஒட்டி நிலம் வைத்திருந்த ஒருவர்கூட வரவில்லை. அவர்களைத் தேடிப்போகும் வழியில் அம்மாக்கண்ணுவைப் பார்த்தாள். தார்ப்பாய்க்குள் சமைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "இந்தத் தடவ யாரு மொதல்ல எடுக்கணுமாம்?" என்று கேட்டாள்.