ருவைஸில் காய்த்த ஒற்றைக் குலை

"ஒரே ஒரு குலை திராட்சை. அத வச்சு நூத்தி அறுபது பேரு மீன் குழம்பைப் புளிக்க வச்சேன். அதுவும் ஆஸ்திரியாத் திராட்சை. இங்க, நம்ம ருவைஸ்ல காய்ச்சது!"

சனிக்கிழமை காலை ஜெபசீலன் இதை அந்த வளைகுடா ஊரின் மீன் கடையில் வைத்துச் சொன்னபோது, ஐஸில் படுத்திருந்த நெய்மீன்கூட நம்பவில்லை. மீன் வெட்டுகிறவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஒரு கும்பிடு போட்டார். ஜெபசீலன் பாஸ்டருக்குப் போன் பண்ணிச் சொன்னார். பாஸ்டர் போனிலேயே அவருக்காக ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார். வீட்டில் தங்கபுஷ்பம், "ரிட்டயர் ஆகி நாலு வருசமாச்சு, அளந்தது போதும். கொஞ்சமாவது கொறச்சுச் சொல்லுங்க" என்றாள். மனைவி பேச்சுக்கு மதிப்புக் கொடுத்து அவரும் குறைத்தார். "சரி, நூத்தி அம்பத்தெட்டு பேரு."

எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: குழம்புக்குப் புளி போடாமல் திராட்சை எதற்குப் போட்டீர்கள்? அந்த இடம் வந்ததும், பேச்சில் கமாவே வைக்காத ஜெபசீலன் மேலே இருக்கிற மின்விசிறியைப் பார்ப்பார். அப்புறம் யார் நம்புவார்கள்?

ஆஸ்திரியாவின் தென்கோடியில் மேற்கு ஸ்டைரியா என்று ஒரு சின்னஞ்சிறு மலைச்சீமை. அங்கிருக்கும் திராட்சைத் தோட்டத்தையெல்லாம் சுருட்டி எடுத்து வந்தால் ருவைஸ் ஆலை வளாகத்துக்குள் விரித்துவிட்டு, மிச்ச இடத்தில் கிரிக்கெட் ஆடலாம். அந்த மண்ணுக்கென்றே பிறந்தது 'வில்ட்பாகர்' என்ற நீலத் திராட்சை. அதைப் பிழிந்து 'ஷில்கர்' என்று இளஞ்சிவப்பு ஒயின் செய்கிறார்கள். புளிப்பென்றால் அப்படியொரு புளிப்பு. குடித்தவன் சண்டைக்குப் போவான் என்று அந்த ஊர்க்காரர்களே கேலி பேசுவார்களாம். ஜெபசீலன் குடிக்காதவர். ஆனால் அந்தப் புளிப்பைப் பற்றி அவர் பேசினால் கேட்கிறவனுக்குப் பல் கூசும்.

இதையெல்லாம் அவருக்குச் சொன்னது ஹெர்விக். ஆலையில் ஜெபசீலன் கருவி டெக்னீசியனாக இருந்த காலத்தில் உடன் வேலை பார்த்த என்ஜினியர். அந்த மலைச்சீமைக்காரர், சொந்தமாகத் தோட்டமும் உண்டு. ஜெபசீலன் ரிட்டயர் ஆனதும் வில்ட்பாகர் கொடியில் வெட்டிய ஒரு குச்சி கொண்டுவந்து கொடுத்தார். குச்சி ஒரு சாண். அதற்கு வாங்கிய அனுமதிக் காகிதம் மூன்று முழம். "இது இங்கே காய்க்காது. இதற்குக் குளிர்காலம் வேண்டும். காய்த்தால், என் தோட்டத்தில் ஒரு வரிசைக்கு உன் பெயரை எழுதிப் பலகை வைக்கிறேன்" என்றார்.

மகள் ஷாஜினி ருவைஸில் நர்ஸ். அவள் விசாவில் பெற்றோர் இருவரும் தங்கிவிட்டார்கள். ஜெபசீலனுக்குப் பகல் முழுக்க நேரம். ஆனால் ருவைஸில் குளிர்காலத்துக்கு எங்கே போவது?

பொன்னுச்சாமியிடம்தான் போனார்.

தொழிலாளர் கேம்ப் மெஸ்ஸில் ஸ்டோர் கீப்பர் பொன்னுச்சாமி. பரமக்குடிப் பக்கம். உருளைக்கிழங்கு வைக்கிற குளிர் அறையின் சாவி அவரிடம் இருந்தது. டிசம்பர் பிறந்தால் குச்சி நட்ட தொட்டி உள்ளே போகும். பிப்ரவரியில் வெளியே வந்து, மெஸ் பின்புறம் குளிர் அறை எந்திரத்தின் சொட்டுநீர் விழுகிற நிழலில் உட்காரும். இப்படி மூன்று வருடம்.

"எனக்கு ரூம்ல ஓட்ட ஏசி. ஒங்க குச்சிக்கு அஞ்சு டிகிரி. கொடுத்து வச்ச குச்சி அண்ணாச்சி."

"அது தூங்குதுவே. முழிச்சா பாரு."

"செத்துப் போனதும் தூங்குற மாதிரித்தான் இருக்கும்."

பொன்னுச்சாமி நம்பாததற்குக் காரணம் உண்டு. இரண்டாம் வருடம் ஜெபசீலனுக்குப் பொறுமை போய், சூப்பர் மார்க்கெட் திராட்சை ஒரு குலையைக் கறுப்பு நூலால் கொடியில் கட்டிப் படம் எடுத்து ஹெர்விக்குக்கு அனுப்பினார். ஹெர்விக் படத்தைப் பெரிதாக்கி, முடிச்சைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார். 'இனிமேல் படம் வேண்டாம். நேரில் பார்க்கிறேன்.'

மூன்றாம் வருடம் மார்ச்சில் கொடி பூத்தது. ஏப்ரலில் ஒரு குலை பிடித்தது. ஒன்றே ஒன்று. மூன்று அணில் நீளம் என்பார் ஜெபசீலன். ஒரு முழங்கை நீளம் என்று வைத்துக்கொள்ளலாம். பொன்னுச்சாமி கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து காம்பைச் சுற்றித் தடவிப் பார்த்தார்.

"நூல் இல்லைதான்" என்றார். "ஆனா ஃபெவிகுவிக்னு ஒண்ணு இருக்குல்ல."

ஜூனில் ஆஸ்திரியாவிலிருந்து ஹெர்விக் வருவதாகச் சேதி வந்தது. ஞாயிறு காலை கேம்ப்புக்கே வந்து பார்ப்பார். அடுத்த நாள் பொன்னுச்சாமி விசா முடித்து ஊருக்குப் போகிறார். புதிதாக வரப்போகிற ஸ்டோர் கீப்பர் குளிர் அறையில் உருளைக்கிழங்கு தவிர எதையும் வைக்க விடமாட்டேன் என்று இப்போதே சொல்லிவிட்டார். ஆக, வில்ட்பாகருக்கு இனிக் குளிர்காலம் கிடையாது. இந்தக் குலையை ஹெர்விக் பார்த்தால் உண்டு. இல்லையென்றால் ஆயுசுக்கும் ஜெபசீலன் நூல் கட்டிய ஆள்தான்.

பொன்னுச்சாமிக்கும் அந்த ஞாயிறு ஒரு விசேஷம் இருந்தது. கேம்ப் மேனேஜர் செய்கு அலாவுதீன் அவருக்கு ஷீல்டு கொடுக்கப் போகிறார். 'பத்தொன்பது வருடம் - ஜீரோ மிஸ்டேக்' என்று பொன் எழுத்தில் அடித்தாகிவிட்டது. அதன் படம் பரமக்குடிக்குப் போய், மனைவி பூவாயி தெருவெல்லாம் காட்டியும் முடித்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மீன் குழம்பு. "கடைசி வெள்ளி. புளிய நானே கரைச்சுத் தாரேன்" என்று பொன்னுச்சாமி இறங்கினார். சமையல்காரர் உஸைர் அந்தக் கரைசலைக் கொப்பரையில் ஊற்றிக் கொதிக்கவிட்டு, மீனைப் போடும் பொறுப்பையும் அவரிடமே கொடுத்துவிட்டு, உதவி ஆட்களோடு ஜும்மாவுக்குப் போய்விட்டார்.

ஜெபசீலன் பின்புறம் தன் குலைக்கு விசிறிக்கொண்டிருந்தார். "அண்ணாச்சி!" என்று ஒரு சத்தம். ஓடிப் போனால் பொன்னுச்சாமி கையில் கரண்டியோடு வெளுத்துப்போய் நிற்கிறார்.

"இதக் கொஞ்சம் நாக்குல வையுங்க."

ஜெபசீலன் வைத்தார். "என்னவே இது, பாயசத்துல மொளகாப்பொடி போட்டிருக்க?"

பொன்னுச்சாமி குப்பைத் தொட்டியில் கிடந்த உறையைக் காட்டினார். புளியும் கறுப்பாக, கட்டியாக, பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றித்தான் வருகிறது. அமுக்கி வைத்த பேரீச்சம்பழமும் அப்படித்தான் வருகிறது. பத்தொன்பது வருடம் கண்ணை மூடிக்கொண்டு பிரித்தறிந்த மனிதர், கடைசி வெள்ளி கண்ணைத் திறந்துகொண்டே பேரீச்சம்பழத்தைக் கரைத்துவிட்டார்.

"புளி எடுத்துட்டு வா!"

"மஃபி, இல்ல."

"எலுமிச்சை?"

"மஃபி. மூணு நாளாச்சு."

"தக்காளி?"

பொன்னுச்சாமி பெட்டியைத் திறந்தார். தக்காளிக்கெல்லாம் வெள்ளைத் தாடி முளைத்திருந்தது. கடைகள் தொழுகை முடிந்துதான் திறக்கும். இன்னும் முக்கால் மணியில் நூற்று அறுபது பேர் தட்டோடு வந்து நிற்பார்கள்.

"இனிச்ச குழம்பு பொன்னுச்சாமின்னு பேரு வச்சிருவாய்ங்க. நான் ஃபிளைட்ல போறதுக்குள்ள அந்தப் பேரு ஊருக்குப் போயிரும்" என்றவர் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது.

ஜெபசீலன் வெளியே போனார். குலையைப் பார்த்தார். இரண்டே நாள். இரண்டு நாள் கழித்து வருகிற மனிதருக்காக மூன்று வருடம். உள்ளே ஒருவர் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. கத்திரியை எடுத்தார். வெட்டும்போது கண்ணை மூடிக்கொண்டார்.

குலையைக் கையில் பார்த்ததும் பொன்னுச்சாமி எழுந்தார். "அண்ணாச்சி, வேணாம். ஞாயித்துக்கெழம..."

"நீ மீனைப் போடு. ஜல்தி."

"இந்த ஒத்தக் குலை இம்புட்டுக் குழம்புக்குக் காணாது. தேவையில்லாம..."

"கடைசி வரைக்கும் நம்பிராத. தள்ளு."

தோலோடு நசுக்கிப் பிழிந்தார். சாறு விழுந்த இடத்தில் கொதி ஒரு நொடி நின்றதாம். அடுப்படியில் உட்கார்ந்திருந்த பூனை முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து போனதாம். அதெல்லாம் ஜெபசீலன் கணக்கு. ஆனால் இரண்டு மணிக்கு வரிசை வந்தது. இரண்டே முக்காலுக்குக் கொப்பரையைச் சப்பாத்தியால் துடைத்துவிட்டார்கள். இனிப்பும் புளிப்பும் உறைப்புமாக இப்படி ஒரு குழம்பைத் தின்றதே இல்லை என்று பேசிக்கொண்டார்கள். உஸைர் வந்து ருசி பார்த்துவிட்டு, "அண்ணே, என்ன போட்டீங்க?" என்றார்.

"தக்காளி கொஞ்சம் தூக்கலா விழுந்திருச்சு" என்றார் பொன்னுச்சாமி.

உஸைர் போனதும் ஜெபசீலன் பக்கம் திரும்பி, "பேரீச்சம்பழம் சூட்டுல தானாவே புளிச்சிருக்கும் அண்ணாச்சி. ஒங்க குலையாலன்னு சொல்லிர முடியாது" என்றார். கூடவே குரலைத் தாழ்த்தி, "அத வெளிய சொல்லிராதீங்க" என்றார்.

"எத?"

"பேரீச்சம்பழத்த."

சொல்லமாட்டேன் என்று ஜெபசீலன் வாக்குக் கொடுத்தார். மின்விசிறியைப் பார்க்கும் பழக்கம் அன்று தொற்றியதுதான்.

ஞாயிறு காலை ஹெர்விக் வந்தார். மெஸ்ஸில் அப்போதுதான் ஷீல்டு கொடுத்து முடித்திருந்தார்கள். பின்புறம் போய்த் தொட்டியைப் பார்த்தார். இலைகள் இருந்தன. வெட்டின காம்பு ஒன்று இருந்தது.

"எங்கே?"

"குழம்பில் போட்டுவிட்டேன்."

ஹெர்விக் விலா நோகச் சிரித்தார். "போன முறை நூல், இந்த முறை மீனா? ஏன் போட்டாய்?"

ஜெபசீலன் மேலே பார்த்தார். அங்கே மின்விசிறி இல்லை; ருவைஸ் வானம்தான் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஹெர்விக் முதுகில் தட்டிக் கொடுத்தார். நண்பரைத் தட்டுவதுபோலத்தான் தட்டினார். சின்னப் பிள்ளையைத் தட்டுவதுபோல இருந்தது. ஜெபசீலனின் காது சிவந்தது.

அருகில் ஷீல்டைக் கட்டிப்பிடித்தபடி நின்ற பொன்னுச்சாமி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஷீல்டைக் கொண்டுபோய் செய்கு அலாவுதீன் கையில் கொடுத்தார்.

"பாய், இத நீங்களே வச்சுக்கங்க. நான் சொல்றத அந்த சாருக்கு இங்கிலீசுல சொல்லுங்க. வெள்ளிக்கெழம புளின்னு நெனச்சுப் பேரீச்சம்பழத்தக் கரைச்சது நானு. குழம்பு இனிச்சுப் போச்சு."

அலாவுதீன் ஷீல்டையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வார்த்தை வார்த்தையாகச் சொன்னார். ஹெர்விக்கின் சிரிப்பு நின்றது.

பேரீச்சம்பழம் சுலபமாக வெளியே வந்துவிட்டது. அடுத்ததுதான் பொன்னுச்சாமிக்குக் கஷ்டமாக இருந்தது. மூன்று வருடமாக மறுத்த நாக்கு அல்லவா! ஜெபசீலனைப் பார்க்காமல் தொட்டியைப் பார்த்துச் சொன்னார்:

"தக்காளி ஒண்ணுகூட விழல பாய். இவரு குலைதான். ஒரே குலை. இந்தக் கொடியில காய்ச்சது, நூத்தி அறுபது பேரு குழம்பையும் புளிக்க வச்சது. நானே ரெண்டு தட்டுச் சாப்பிட்டேன். நடந்துச்சு."